களத்துமேட்டில் ஒரு பிணம்

பட்டப்படிப்பு முடித்து, எந்த வேலைக்கும் யாரும் கூப்பிடாத அந்த வருஷத்தில், நாவலாசிரியை ஆகிவிடுவதென்று முடிவு செய்தேன். அதுவும் மர்ம நாவல். ஆளின் மனசுக்குள் புகுந்து ஆட்டி வைக்கிற ரகம். குடவாசல் வாடகை நூலகத்தில் அந்த ரகத்தில் இருந்ததையெல்லாம் நானும் என் கல்லூரித் தோழியும் படித்துத் தீர்த்திருந்தோம். எல்லாவற்றிலும் ஒரே சங்கதிதான். கதாநாயகிக்குத் திடீர் திடீரென்று தலை சுற்றும். சின்ன வயதில் பார்த்த ஏதோ ஒன்று அரைகுறையாக ஞாபகம் வரும். தோண்டினால் பிணம்.

எனக்குத் தலையே சுற்றாது. அதுதான் சிக்கல்.

"உனக்குன்னு ஒரு ரகசியம்கூட இல்லையாடி?" என்றாள் தோழி. அவள் குடவாசல்காரி, அவளுடைய வாப்பா துபாயில் இருந்தார். "எங்க வீட்லயாவது பெரிய மாமி சக்கரை வியாதிய மறைச்சு மறைச்சு அல்வா தின்னாங்க. நீ என்னடி, கழுவிக் கவுத்த பாத்திரம் மாதிரி இருக்கே?"

ரோஷம் வந்துவிட்டது. யோசித்தேன். சாப்பிடும்போதும் யோசித்தேன், மாடு கழுவும்போதும் யோசித்தேன். ஒருநாள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது ஒரு ஞாபகம் மாட்டிக்கொண்டது.

எனக்கு அப்போது நாலைந்து வயது இருக்கும். உச்சிவெயில். தெருவில் ஈ காக்கை இல்லை. மிராசுதாரின் களத்துமேட்டில் அப்பா ஒரு பெரிய குழிக்குள் நின்று மண்ணை வாரி வாரி மேலே போடுகிறார். அம்மா முந்தானையால் மூக்கை மூடியபடி ஒரு சட்டி உப்போடு நிற்கிறாள். பக்கத்தில் சாக்கும் வைக்கோலும் போட்டு எதையோ மூடி வைத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் அப்பா பதறிப்போய், "பாப்பா, நீ ஒண்ணும் பாக்கல. என்ன பாத்தே?" என்கிறார். "ஒண்ணும் பாக்கல" என்கிறேன். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறாள்.

வாளியைக் கிணற்றுக்குள்ளேயே விட்டுவிட்டேன்.

அந்த வருஷம்தான் எங்கள் ஊரில் மிராசுதாரை எதிர்த்துப் பெரிய போராட்டம். அந்த வருஷம்தான் மிராசுதாரின் பண்ணையைப் பார்த்துக்கொண்ட ஏஜெண்டு, எங்கள் தெருக்காரர்களைக் கண்டபடி திட்டுகிற ஆள், ஊரிலிருந்து காணாமல் போனார். சாக்குக்கு அடியில் இருந்தது ரொம்பப் பெரிதாக இருந்ததே என்று ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் ஏஜெண்டு நல்ல பருமன்.

இன்னொரு தடயமும் கிடைத்தது. பின்னால் நில உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதாரின் நிலத்தை எங்கள் தெருவுக்குப் பிரித்துக் கொடுத்தபோது, எல்லாரும் வாய்க்கால் ஓரத்து நஞ்சைக்கு அடித்துக்கொண்டார்கள். விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவரான அப்பா மட்டும் ஒன்றுக்கும் உதவாத களத்துமேட்டைக் கேட்டு வாங்கினார். ஊரே அதைத் தியாகம் என்றது. குழி இருந்த இடத்தில் அவர் ஒரு தென்னங்கன்றையும் நட்டார்.

சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. ஏனென்றால் அப்பா அப்போது ஊராட்சித் தலைவர் தேர்தலில் நின்றுகொண்டிருந்தார். விஷயம் வெளியே வந்தால் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போக வேண்டியவர் நேராக ஜெயிலுக்குப் போவார். எதிர்க்கட்சிக்காரன் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நான் கண்டுபிடித்து அவரைக் காப்பாற்ற வேண்டும். அப்படியே நாவலும் முடிந்துவிடும்.

முதலில் அம்மாவை விசாரித்தேன்.

"அம்மா, அப்பா யாரையாவது..."

"யாரையாவது?"

"கொன்னிருக்காங்களா?"

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "உங்கப்பாவா? கோழி அறுக்கவே எதிர்வீட்ட கூப்பிட்டுட்டு, இவரு வாசல்ல திரும்பி நின்னுக்குவாரு. போ, போயி வாளிய எடு."

"களத்துமேட்ல என்ன புதைச்சீங்க?"

அம்மாவின் முகம் மாறிற்று. "தேர்தல் முடியட்டும்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு என் உடம்பெல்லாம் புல்லரித்தது.

அன்று சாயங்காலம் தெருமுனையில் கூட்டம். மாமா பேசினார். மாமா என்றால் அம்மாவின் தம்பி, சங்கத்தின் பேச்சாளர். அவர் பேச்சு என்றாலே ஒரு கதைதான், எங்கள் தெருவில் கைக்குழந்தைக்குக்கூட அது மனப்பாடம். மாடு செத்தால் எங்கள் தெரு ஆள்தான் போய் இழுத்துப் புதைக்க வேண்டும், இது அந்தக் காலத்து எழுதாத சட்டம். போராட்டத்தின்போது, இனிமேல் ஒருத்தனும் செத்த மாட்டைத் தொடக்கூடாது என்று சங்கம் தீர்மானம் போட்டது. போட்ட கையோடு மிராசுதாரின் வண்டிமாடு, கொம்பு நுனியில் பித்தளைக் குப்பி மாட்டிய ராஜ மாடு, களத்துமேட்டில் விழுந்து செத்தது. யாரும் போகவில்லை. கடைசியில் மிராசுதாரே மண்வெட்டி பிடித்தார்!

இந்த இடத்தில் மாமா வேட்டியை மடித்துக் கட்டி, மண்வெட்டியைத் தலைகீழாகப் பிடித்து, "ஐயோ, ஐயையோ" என்று தொந்தியைத் தூக்கித் தூக்கி வெட்டுவார். கூட்டம் உருளும்.

இதில் ஒரு வேடிக்கை. அப்பாவை எதிர்த்து நின்றது மிராசுதாரின் மகன். மிராசுதார் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிவிட்டது. மகன் அதே கதையைத்தான் போஸ்டராக அடித்திருந்தான்: 'தன் கையால் மண்வெட்டி பிடித்த உழைப்பாளியின் மகன்.' இரண்டு கட்சிக்கும் ஒரே மாடு.

மறுநாள் தோழி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள். "உன் பிணம் திருவிடைமருதூர்ல பஜ்ஜிக்கடை வச்சிருக்குடி."

"யாரு?"

"ஏஜெண்டு! ஊரு பேரெல்லாம் விசாரிச்சுட்டேன். குண்டா, நல்லா இருக்காரு. வாழைக்கா பஜ்ஜி தின்னேன். சுமார்தான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வளர்த்த பிணம்.

"விடுடி, வேற பிணம் பாத்துக்கலாம்" என்று தேற்றினாள். "குழி இருக்குல்ல?"

அப்பா ஓட்டுக் கேட்கப் போன நேரம் பார்த்து இரண்டு பேரும் களத்துமேட்டுக்குப் போனோம். தென்னைக்கு ஓரமாகத் தோண்டினோம். நான் தோண்டினேன் என்று சொல்வதுதான் சரி. அவள் குடை பிடித்தாள். ஒரு நீள எலும்பு வந்தது.

"யா அல்லா! விலா எலும்பு!"

"இவ்ளோ நீளமா?"

"உயரமான ஆளா இருக்கும்டி."

இன்னும் கொஞ்சம் வெட்டினேன். மண்டை தெரிந்தது. அதில் கொம்பு இருந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்குத் தெரிந்து உயரமான ஆள் யாருக்கும் கொம்பு இல்லை. அதன் நுனியைத் துடைத்தேன். பித்தளைக் குப்பி.

"வச்சிரு கீழ" என்று பின்னால் அப்பாவின் குரல். துண்டறிக்கைக் கட்டோடு நின்றார்.

"அப்பா, இது அந்த மாடா? மிராசுதார் புதைச்சது?"

"அவரு எங்க புதைச்சாரு! மாடு செத்த அன்னைக்கே குடும்பத்தோட கும்பகோணம் போயிட்டாரு." அப்பா வரப்பில் உட்கார்ந்தார். "தொடக்கூடாதுன்னு தீர்மானம். நான்தான் மொதல்ல கை தூக்கினேன். காத்து எந்தப் பக்கம் அடிக்கும்னு தீர்மானத்துல யாரும் எழுதல. அவரு வீடு அந்தக் கோடி. நாத்தம் பூரா நம்ம தெருவுக்கு. ஒரு புள்ள சோறு திங்கல. ஊரே கீழ்வேளூர் ஊர்வலத்துக்குப் போன அன்னைக்கு, வயித்துவலின்னு படுத்துக்கிட்டேன்."

"அப்ப மிராசுதார் மம்பட்டி பிடிச்சது?"

"சாயங்காலம் உன் மாமன் வந்து மாடு எங்கன்னான். 'அவரே புதைச்சிட்டாரு போலிருக்கு'ன்னேன். போலிருக்குன்னுதான் சொன்னேன்! அதுக்குள்ள அவன் வேட்டிய மடிச்சுக் கட்டி நடிக்க ஆரம்பிச்சிட்டான்."

"மிராசுதார் இல்லன்னு சொல்லலியா?"

"ஏன் சொல்லணும்? கும்பகோணத்துலேருந்து வந்தா ஊரே மரியாதையா பாக்குது. ஆமா, நான்தான்னுட்டாரு."

தோழி குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினாள். அப்பா சிரிக்கவில்லை. சங்கக் கட்டுப்பாட்டை மீறியவர்களைத் தெருவில் ஒதுக்கி வைத்ததே அவர்தான். தலைவரே மீறினார் என்று தெரிந்தால் தேர்தல் கிடக்கட்டும், தெருவில் நிமிர்ந்து நடக்க முடியாது.

மூடிவிடலாம் என்று மண்ணைத் தள்ளத் தொடங்கினேன். சைக்கிள் மணி அடித்தது. கொடி கட்டிய சைக்கிளில் மாமா.

மாமா இறங்கினார். குழியைப் பார்த்தார், குப்பியைப் பார்த்தார். எதிலும் மக்கு இல்லை அவர்.

"மச்சான்... நீயா?"

"ஆமாம் மாப்ள."

"இத்தன வருஷம் மேடை மேடையா நடிச்சேனேய்யா! மன்னார்குடில ஒன்ஸ்மோர் கேட்டாங்களேய்யா!" சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் கடைசிப் பிரச்சாரக் கூட்டம். வீட்டில் யாரும் காப்பிகூடக் குடிக்கவில்லை. அப்பா மேடையில் ஓரமாக உட்கார்ந்தார். மாமா மைக்கைப் பிடித்தார்.

"தோழர்களே! இன்னைக்கு ஒரு துரோகத்தப் பத்திச் சொல்லப் போறேன்."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எதிர்வேட்பாளரோட அப்பா மம்பட்டி பிடிச்சாருன்னு போஸ்டர். பொய்! அன்னைக்கு அவரு கும்பகோணத்துல காப்பி குடிச்சுக்கிட்டிருந்தாரு. புதைச்சது யாரு? நம்ம தலைவரு!"

கூட்டம் மொத்தமும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தது. மாமா அதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். இந்தத் தடவை ஒரு கையால் மூக்கைப் பிடித்து, மறு கையால் வெட்டி, நடுநடுவே வயிற்றுவலிக்காரர் மாதிரி முனகி... சைக்கிளில் போன நேரத்தில் எப்படி ஒத்திகை பார்த்தாரோ. கூட்டத்தில் முதல் சிரிப்பு பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது.

"ஏன் தலைவரே," என்று ஒரு அக்கா எழுந்து நின்று கத்தினாள், "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களும் வயித்துவலின்னு படுத்திருப்போம்ல? எங்களுக்கெல்லாம் மூக்கு இல்லையா?"

"அன்னைக்கு ஊர்வலத்துல பாதிப் பேரு நாத்தத்துக்குப் பயந்துதான் வந்தோம்!" என்றார் இன்னொருவர்.

அப்பாவைப் பிடித்து மைக்குக்கு முன்னால் தள்ளினார்கள். அவர் மேடையில் வணக்கம் தவிர வேறு எதுவும் பேசியவர் இல்லை. தொண்டையைச் செருமினார். தீர்மானம், கட்டுப்பாடு, மன்னிப்பு என்று ஏதோ சொல்ல வாயெடுப்பது தெரிந்தது. வரவில்லை.

"நாத்தம் தாங்கல, தோழர்களே" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

அப்பாவின் மேடைப் பிரச்சாரம் மொத்தமும் அவ்வளவுதான். ஜெயித்தார். ஆனால் அன்று அந்த ஒரு வரிக்கு விழுந்த கைதட்டலைப் பார்த்து மாமாவுக்கு முகம் சுண்டிப்போனதுதான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.