காட்டுப் பயணத்துக்கு ஒரு காஸ்டிங்

எங்கள் தொழிலில் விலை கடைசியில் வருவதில்லை, முதலிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு பனியனுக்கு இதற்கு மேல் தரமாட்டேன் என்று வெளிநாட்டுக்காரர் சொல்லிவிடுவார். அதற்குள் அடங்கும்வரை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வருவது என் வேலை. நூலில் குறைக்க முடியாது, சாயத்தில் முடியாது, பட்டன்காரர் ஒரு பைசா இறங்கமாட்டார். கடைசியில் கை வைப்பது ஆள் கூலியில்தான். திருப்பூரில் காஸ்டிங் என்கிற இந்த அடக்கவிலைக் கணக்கைப் போடுகிற யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள், உண்மையைச் சொல்ல மனமிருந்தால். இந்த ஆர்டர் கட்டுபடியாகாது, வேண்டாம் என்று மட்டும் எங்களுக்குச் சொல்ல வராது.

அந்தப் புத்தியோடுதான் என் வீட்டுக்காரரின் காட்டுப் பயணத்துக்கும் காஸ்டிங் போட்டேன்.

அவர் சாயப்பட்டறையில் ஷேடு பார்ப்பவர். உள்ளங்கை அகலத் துணித்துண்டை விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்து, இதில் சிவப்பு ஏறிவிட்டது, இது சரி என்பார். அவர் சரி என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. அந்தக் கண்ணுக்குத்தான் கேடு வந்தது. நேர்ப்பார்வை இருக்கும், ஓரங்கள் மெதுவாக மூடிக்கொண்டே வரும், நிறுத்த மருந்தில்லை என்று கோயமுத்தூர் கண் டாக்டர் படம் போட்டுக் காட்டினார். இரவில் வண்டியைத் தொடக் கூடாது. பகலில் எவ்வளவு காலம் ஓட்டலாம் என்பதை அவ்வப்போது சோதித்துத்தான் சொல்ல முடியும் என்றார்.

அன்றிலிருந்து இவர் செல்போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். ஆப்பிரிக்காவில் சனங்கள் தாங்களே வண்டி ஓட்டிக்கொண்டு யானைகளுக்கு நடுவே போகிற படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"ஒருக்கா நானே ஓட்டீட்டுப் போயி ஆனையப் பாக்கோணும் அம்முணி. கோயில் ஆனையில்ல, சங்கிலியில்லாம நிக்கற ஆனை. அப்புறம் கண்ணு போனாப் போகுது."

போனால் போகிறதாம். சொல்வதற்கு ஒரு வாய் வேண்டாமா? ஆனால் அவர் அதுவரை எதையும் கேட்டவரில்லை. சரி என்று உட்கார்ந்து விமான டிக்கெட், விசா, வாடகை வண்டி, ரூம் என்று போட்டுக் கூட்டினேன். மொத்தத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. குறைத்தேன். ஆப்பிரிக்கா கர்நாடகக் காடாயிற்று. அங்கே அவர்களுடைய ஜீப்பில்தான் உள்ளே போக வேண்டும் என்றார்கள். "அதுக்குப் பஸ்ஸுலயே போயிக்கலாமே" என்று இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி குறைத்தேன். கடைசியில் ஆப்பிரிக்கா உடுமலைக்கு வந்து நின்றது. அங்கிருந்து காட்டின் நடுவே மூணாறு போகிற ரோடு, சொந்தக் கார், மதியத்துக்குக் கட்டுச்சோறு, ராத்திரிக்குள் வீடு.

அப்போதும் ஒரு டிரைவரின் பேட்டாவை விட்டு வைத்திருந்தேன். எனக்கும் கார் ஓட்டத் தெரியும், ஆனால் ஊருக்குள் மட்டும்தான். மலைரோடு பழகிய ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"இந்த ஆளு எதுக்கு?" என்றார் அவர். "போன செக்கப்புல கண்ணு அப்பிடியேதான் இருக்குதுன்னு சொல்லீட்டாங்க. அத எடு."

அந்தச் சோதனைக்கு அவர் தனியாகத்தான் போய் வந்திருந்தார். நான் டிரைவரைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டேன். பழகிய கை.

கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒன்று நடந்தது. சாயங்காலம், விளக்கு எரிகிறது, நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே வந்தார். கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரினார். விளக்கை அணைத்தார், கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். இருட்டில் நான் உட்கார்ந்திருக்க, சமையலறையிலிருந்து அவர் என்னைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. பிறகு கொல்லைப்பக்கம் போய்க் கூப்பிட்டார். நான் மடித்த துணியை மடியில் வைத்தபடியே இருந்தேன். நான் செத்துப்போய் அந்த வீட்டில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. ஏதோ யோசனையில் இருந்திருப்பார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

கிளம்பிய நாள், உடுமலைக்கு அப்பால் அமராவதி நகர் பிரிவைத் தாண்டிய சோதனைச்சாவடியில் வண்டி எண்ணை எழுதிக்கொண்டார்கள். இறங்கக் கூடாது, ஹாரன் அடிக்கக் கூடாது என்றார்கள். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. நாளெல்லாம் மெஷின் சத்தத்தில் கிடக்கிற காது எனக்கு, அந்த அமைதியில் உள்ளுக்குள் தானாக இரைந்தது. நல்ல வெயில். இலையில்லாத மரங்கள், முள். ஒரு கிளை ஒடிந்து பால் வடிந்துகொண்டிருந்தது. ரோட்டில் கிடந்த சாணத்தில் ஆவி பறந்தது. யானை எங்கோ பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் காணோம். அவர் மட்டும் முகமெல்லாம் சிரிப்பாக நேரே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு வளைவில் குரங்குக் கூட்டம் ரோட்டை மறித்து உட்கார்ந்திருந்தது. கார் வந்து நின்றும் ஒன்றுகூட நகரவில்லை, எங்களைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. குட்டிகள் உட்பட எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. "இதுகளப் பாரு, போட்டோவுக்கு உக்காந்தாப்புல" என்று அவர் சிரித்தார். அவை பார்த்த பக்கம் நானும் பார்த்தேன்.

எங்கள் காரின் வலது முன்விளக்கை ஒட்டி யானை நின்றது. புதரிலிருந்து வந்த ஓசையே இல்லை. ஒரு கொம்புதான் இருந்தது, மற்றது அடியோடு ஒடிந்திருந்தது. காது அசைந்ததும் செம்மண் தூசி கண்ணாடியில் விழுந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை.

"நமக்குக் குடுத்து வெக்கல போலருக்குது அம்முணி" என்று சொல்லிவிட்டு அவர் கியரில் கை வைத்தார்.

அந்தக் கையின் மேல் என் கையை வைத்து அழுத்தினேன். "வண்டிய எடுக்காதீங்க" என்றேன், எவ்வளவு மெல்லச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெல்ல. "வலப்பக்கம் மெதுவாத் திரும்பிப் பாருங்க."

திரும்பினார். "பாறையா?" என்று கேட்டார்.

பாறை மூச்சு விட்டது. அவர் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். "காது," என்றார். பிறகு கீழே, "காலு." மேலே வந்து, "கொம்பு." அவ்வளவு பெரிய உருவத்தை உள்ளங்கை அகலம் உள்ளங்கை அகலமாகப் பார்த்துக்கொண்டு போனார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. எனக்கோ, அங்கேயே ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது. பாவி மனுஷன், பொய் சொல்லிவிட்டு லாரிகளுக்கு நடுவே காலையிலிருந்து இந்தக் கண்ணோடுதான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பல்லடம் தாண்டி ஒரு ஸ்கூட்டர்காரர் எங்களைத் திட்டிவிட்டுப் போனதற்கு அர்த்தம் அப்போதுதான் விளங்கியது.

யானை தும்பிக்கையால் பானட்டை மோந்து பார்த்துவிட்டுப் புதருக்குள் போனது. ஒரு சுள்ளி முறிகிற சத்தம்கூட இல்லை. குரங்குகளும் எழுந்து போயின.

இறங்கி இடம் மாறவும் வழியில்லை. அவர் வண்டியை எடுத்தார். நான் இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டே வந்தேன். "வலப்பக்கம் ஒன்னுமில்லீங்க. இடப்பக்கம் கல்லு. வலப்பக்கம் புதர் ஆடுது, காத்துதானுங்க." எதற்குச் சொல்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. செக்கப்பைப் பற்றி நானும் கேட்கவில்லை.

எல்லைச் சோதனைச்சாவடியில் காவலர் குனிந்து, "ஆனை கீனை பாத்தீங்களா?" என்றார்.

"பாத்தமுங்க" என்றார் இவர். "கைக்கெட்டற தூரமுங்க. ரெண்டு கொம்பும் வெள்ளை வெளேர்னு, அப்பிடியொரு ஆனை."

"ரெண்டு கொம்பா? இப்ப இந்தப் பக்கம் சுத்தறது ஒத்தக்கொம்பனாச்சே."

அவர் என் பக்கம் திரும்பினார். முதலில் என் காதைத் தாண்டி எதையோ பார்த்தார், பிறகு என் முகத்தைக் கண்டுபிடித்தார். அவர் பார்க்காத பக்கத்துக்கும் ஒரு கொம்பை அவரே வைத்துக்கொண்டுவிட்டார்.

"ரெண்டுதானுங்க இருந்துச்சு" என்றேன் காவலரிடம்.

தடுப்புக்கட்டை மேலே போனது. இனி நான் ஓட்டுகிறேன் என்று சொல்லி இறங்கினேன். அவர் இறங்கி, பானட்டைத் தடவிக்கொண்டு சுற்றி வந்து, இடதுபக்கம் உட்கார்ந்தார். மலைரோடு எனக்குப் புதிது. பெல்ட்டைத் தேடி மாட்டிக்கொண்டு, நேரே பார்த்தபடி அவர் சொன்னார்:

"பாத்து ஓட்டு அம்முணி. ஓரத்துல எதாச்சும் நின்னாலும் நிக்கும்."