கட்டுரையில் இல்லாத அம்மா

ஒஸ்லோவில் வரலாறு படித்தபோது, இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகை ஒன்றையும் அதன் குடும்பத்தையும் பற்றிக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. நகரின் புறத்தே குரோருட்டில் இருந்த எங்கள் வீட்டில், அதற்காக நான் எடுத்துவந்த புத்தகத்தைப் புரட்டிய அம்மா, இலங்கையில் அந்தக் குடும்பத்துக்கு இருந்த தேயிலைத் தோட்டத்தின் படத்தைக் கண்டார்.

"இந்தத் தோட்டத்திலைதான் சின்னனிலை நான் கொழுந்து எடுத்தனான். அதையும் எழுதுவியே?"

"ஓம்" என்றேன். ஆனால் தோட்டத் தொழிலாளியின் மகள் என்று வகுப்பில் தெரிய வெட்கமாக இருந்தது. அந்தப் பிரபுக் குடும்பத்தைப் பற்றி மட்டுமே எழுதினேன்.

நோர்வேஜிய மொழி வாசிக்கத் தெரியாத அம்மா, எழுதி முடித்த கட்டுரையைத் தமிழில் சொல்லச் சொன்னார். தாளைப் பார்த்தபடி, அதில் இல்லாத அவருடைய கதையை வாசிப்பதுபோலச் சொன்னேன்.

"என்ரை பேரும் போட்டனியோ?"

"ஓம் அம்மா."

அந்தத் தாள்களைக் கடைசிவரை தன் கடவுச்சீட்டோடு வைத்திருந்தார். நான் உண்மையைச் சொல்லவேயில்லை.