குணம் அண்ணை சுமந்த வாக்குகள்

இலண்டன் குரோய்டனில் டிராமுக்குக் காத்து நின்றபோது யோகன் அழைத்தார். "தங்கச்சி, குணம் அண்ணை போயிட்டார்" என்றார். எப்படி, எப்போது என்று நான் கேட்குமுன்பே அடுத்த கேள்வி வந்தது. "இனி எங்கட செத்த ஆக்களுக்காக ஆர் கதைக்கிறது?" துக்கச் செய்தியோடு இப்படியும் ஒரு கேள்வியா என்று கோபம் வந்தது. டிராம் வந்தது, போனது. நான் ஏறவில்லை. அதே கேள்விதான் எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் கட்சியோடு பழகியவர்களுக்கு அந்தக் கேள்வி விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இலங்கை அரசுக்கும் ஆகாமல், ஆயுதம் வைத்திருந்தவர்களுக்கும் ஆகாமல் தப்பி வந்த இடதுசாரிகள் சிலர், வால்தம்ஸ்டோவில் ஒரு கடைக்கு மேலிருந்த அறையில் கூடித் தொடங்கியது எங்கள் கட்சி. ஊரிலேயே தங்கிவிட்ட தோழர்களும் அதில் அங்கத்தவர்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னர் அவர்களில் யாரோ கொல்லப்பட்டதாகவோ காணாமற்போனதாகவோ செய்தி வரும். இறந்தவர்களை நீக்கிக்கொண்டே போனால் கூட்டம் நடத்தவே ஆட்கள் தேறமாட்டார்கள் என்ற நிலை. அப்போது குணம் அண்ணைதான் அந்த விதியைக் கொண்டுவந்தார். இறந்த தோழரின் வாக்கு அவரோடு போகாது. வேறொருவர் அவருக்காகப் பேசி வாக்களிக்கலாம். "உயிரோட இருக்கிறவன் பயத்தில மாறுவான். செத்தவனுக்கு ஆரிட்டப் பயம்?" என்று கேட்டார். எல்லோரும் கை தூக்கினோம்.

பிறகு கட்சி உடைந்தது. உடையாத இடதுசாரிக் கட்சி எங்கே இருக்கிறது? உயிரோடிருந்தவர்களில் பெரும்பாலானோர் பிரிந்த அணியோடு போனார்கள். இறந்தவர்கள் எல்லோரும் குணம் அண்ணையின் வாயால் எங்கள் பக்கம் நின்றார்கள். பிரிந்தவர்கள் எங்களைப் 'பேய்க் கட்சி' என்று நக்கலடித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன், தேவிக்காக அண்ணை பேசியதைக் கேட்கும்வரை.

தேவியும் நானும் யாழ்ப்பாணத்தில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள். சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டவள் திரும்பி வரவில்லை. அவளுக்காகப் பேச என்னால் முடியவில்லை. வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. அவளோடு கட்சிக் கடிதங்கள் பரிமாறியவர் என்பதால் குணம் அண்ணை அந்தப் பொறுப்பை ஏற்றார். மனோர் பார்க்கில் அவருடைய வீட்டு முன்னறையில், ஒரு ஞாயிறு பின்னேரம், கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார். வசனத்தின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நின்று, மூச்சை உள்ளே இழுத்து, பிறகு அந்தச் சொல்லை மெல்லச் சொன்னார். தேவி அப்படித்தான் பேசுவாள். கூட்டம் முடிந்து அவர் தேநீர் ஊற்றும்போது, "அவவை எங்க சந்திச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"நான் எங்க பிள்ளை அவவைக் கண்டது?" என்றார். குரலைக்கூடக் கேட்டதில்லையாம். சீனி போதுமா என்று கேட்டார். அந்தத் தேநீரை நான் குடிக்கவில்லை.

யோகனின் கதை இதைவிடப் பெரிது. அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று செய்தி வந்து, நாங்கள் அஞ்சலிக் கூட்டமும் வைத்து, குணம் அண்ணை வருடக்கணக்காக அவருக்காக வாக்களித்துவந்தார். ஒரு நாள் யோகனே வந்து கதவைத் தட்டினார். சிறையிலிருந்து தப்பி, பல நாடுகள் சுற்றி, இலண்டனுக்கு வந்து சேர்ந்திருந்தார். கட்டிப்பிடித்து அழுதோம். அடுத்த கூட்டத்திலேயே தகராறு வந்தது. "சண்டை முடிஞ்சுது. இனி ஆருக்குக் கட்சி? கலைப்பம்" என்றார் யோகன். நானும் அவர் பக்கம்தான். களைத்துப்போயிருந்தேன்.

குணம் அண்ணை கண்ணாடியைக் கழற்றினார். "தோழர் யோகனுக்காகக் கதைக்கிறன்" என்றார்.

"அண்ணை, நான் இஞ்ச இருக்கிறன்!"

"ஓம், நீர் இருக்கிறீர். உம்மட வாக்கை நீர் போடும். அந்தப் பெடியன் திரும்பி வரேல்லை. அவனுக்கு ஆர் இருக்கினம்?"

பிறகு அந்தப் பழைய யோகனின் குரலில், கட்சி இருக்க வேண்டும் என்று பேசினார். யோகன் எழுந்து கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். வாசலில் சப்பாத்துப் போடும்போது, "நான் அப்பிடித்தான் கதைச்சனான். எனக்கே மறந்துபோச்சு" என்றார். அதன்பிறகு அவர் ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை. ஒவ்வொரு முறையும் கலைக்கச் சொல்வார், தோற்பார், மறுமுறையும் வருவார்.

எனக்கு அண்ணைமேல் கோபம் உண்டு. எங்களை வீட்டுக்குப் போகவிடாமல் வைத்திருந்த மனிதர் அவர். என் வாழ்க்கையில் அவ்வளவு நேர்மையான ஒருவரை நான் கண்டதும் இல்லை.

தகனம் முடிந்த அடுத்த ஞாயிறு, அதே முன்னறையில் நானும் யோகனும் கூடினோம். உயிரோடு மிச்சம் நாங்கள் இருவர்தான். குசினியில் அண்ணையின் மகள் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். முன்னால் இருந்தது ஒரே தீர்மானம், கட்சியைக் கலைப்பது. அண்ணை பேசிவந்தவர்களில் பலரை நாங்கள் இருவருமே கண்டதில்லை. அவர் வாயால் மட்டுமே கேட்ட மனிதர்கள். பேச ஆளில்லையென்றால் அவர்களும் அன்றோடு சரி.

நான் கலைப்பதற்குக் கை தூக்கினேன். யோகன் தூக்கவில்லை. "இந்தமுறை நான் அந்தப் பெடியனோட நிக்கிறன். மற்ற ஆக்களுக்கு நீங்கள் கதையுங்கோ, தங்கச்சி. எனக்கு ஏலாது" என்றார்.

தேவியில் தொடங்கினேன். அழுகை வரவில்லை. அடுத்தவருக்குப் போனேன், அதற்கடுத்தவருக்கும். யாழ்ப்பாணமும் மன்னாரும் மலையகமும் ஒவ்வொரு பேச்சுவழக்காக வந்தன. யோசித்துப் பேசவில்லை. கடைசியாக, "தோழர் குணத்துக்காகக் கதைக்கிறன்" என்று சொல்லிப் பேசினேன். குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது. மகள் கதவடிக்கு ஓடிவந்து, "அப்பா?" என்றாள்.

இல்லையம்மா, நான்தான் என்று சொல்ல நினைத்தேன். எந்தக் குரலில் வருமோ என்று பயந்து பேசாமல் இருந்தேன்.

அண்ணையிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இதுதான். அந்த அறையில் கட்சி போதும் என்று சொன்னவள் நான் ஒருத்தி. கலைக்க வேண்டாம், இருக்கட்டும் என்ற இறந்தவர்கள் எல்லோரும் என் வாயால்தான் சொன்னார்கள்.