ஏக் சால்

அண்ணன் அந்தப் புகைப்படத்தில் சிரிக்கவில்லை. குவைத்தில், ஃபர்வானியாவில் கீழக்கரை பாய் ஒருவர் வைத்திருந்த ஸ்டுடியோவில் எடுத்தது. கட்டம் போட்ட சட்டை, படிய வாரிய தலை, கேமராவைக் கண்டதும் நம் ஆட்களுக்கு வந்துவிடுகிற அந்த விறைப்பு. இரண்டு கண்களுக்கும் கீழே, இமையை ஒட்டினாற்போல், மெல்லிய சதைமேடு. கணினியில் படத்தைத் திருத்திக்கொண்டிருந்த பாய் வழக்கம்போல் அதைத் துடைத்துவிட்டார். அப்படியே அனுப்பினால் பிள்ளை தூக்கமில்லாமல் கஷ்டப்படுகிறான் என்று ஊரில் அழுவார்களாம். அண்ணன் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார். "பாய், அதை மட்டும் அழிச்சிராதீங்க. எனக்கு ஒரு வருசம் வாங்கிக் குடுத்ததே அதுதான்." பாய் என்னைப் பார்த்தார். இந்தக் கூத்தையெல்லாம் கடையில் நின்றுகொண்டு எப்படி விளக்குவது? இருந்தபடியே வைத்துவிடுங்கள் என்றேன்.

கூடப்பிறந்த அண்ணன் இல்லை. மங்காஃபில் ஒரே அறையில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர். அரியலூர்ப் பக்கம். எங்கள் சைட்டில் வெல்டிங் ஃபோர்மேன். நான் ஸ்டோரில் இருந்தேன். கம்பெனி கொரியாக்காரர்களுடையது. இரண்டாயிரத்து ஆறு வாக்கில் அந்த வேலை முடியும் தறுவாய்க்கு வந்திருந்தது. யாரை நிறுத்திக்கொள்வார்கள், யாரை ஊருக்கு அனுப்புவார்கள் என்று தெரியாமல் கேம்ப் முழுக்க ஒரே புகைச்சல். அண்ணனின் மகள் திருச்சியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பில் இன்னும் ஒரு வருடம் பாக்கி. இன்னும் ஒரே வருடம் இங்கே ஓட்டிவிட்டால் போதும், அப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்பார். காலையில் பல் தேய்க்கும்போதுகூட அதே பேச்சுதான்.

ஆபீஸில் ஒரு கொரியப் பெண் இருந்தாள். சின்ன வயது, எல்லோருக்கும் மேடம். ஒருநாள் ஸ்டோருக்கு வந்தவள் புது ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் வைக்க, அது நழுவி மூக்குவரை இறங்கிவிட்டது. அண்ணனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரித்தால் முகம் முழுக்கச் சிரிப்பார். அவள் ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு அவரைப் பார்த்தாள். தன் கண்ணுக்குக் கீழே விரல் வைத்துக் காட்டி, "ஏக்யோ சால்! ஏக்யோ சால்!" என்று கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போனாள்.

அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். சைட்டில் எங்களுக்கெல்லாம் இந்திதான் பொதுப்பாஷை. கொரியாக்காரர்களே எங்களை ஜல்தி ஜல்தி என்றுதான் விரட்டுவார்கள். "தம்பி, ஏக் சால்னா ஒரு வருசந்தானே?" என்று கேட்டார். ஒரு வருடம்தான் என்றேன். வேறென்ன சொல்வது? கண்ணைக் காட்டியது எதற்கு என்றதற்கு, உன்னைக் கவனித்து வைத்திருக்கிறேன் என்று அர்த்தமாக இருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டார். அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போன் போட்டு, ஒரு வருடம் நீட்டிவிட்டார்கள் என்றும் சொல்லிவிட்டார்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. மறுநாள் மேடத்திடம் போய் விசாரித்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஏக்யோ என்றால் கொஞ்சல், சால் என்றால் சதையாம். சிரிக்கும்போது கண்ணுக்குக் கீழே திரளுகிற சதைக்கு அவர்கள் ஊரில் அப்படிப் பெயர். அது இருந்தால் முகத்துக்குக் களை, சின்னப்பிள்ளை மாதிரி இருக்கும் என்று ஆசைப்படுவார்களாம். இல்லாதவர்கள் டாக்டரிடம் போய் ஊசி போட்டு வரவழைத்துக்கொள்வதும் உண்டாம். அடப்பாவிகளா, நம் ஊரில் அது போகவேண்டும் என்றல்லவா வெள்ளரிக்காயை வெட்டிக் கண்ணில் வைத்துக்கொள்கிறார்கள்! அண்ணன் வீட்டுக்குப் போன் பண்ணிய கதையைச் சொன்னதும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. நேராக மேனேஜரிடம் போனாள். அந்த மனிதர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து, அந்த ஃபோர்மேன் ஒரு வருடம் இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அறையில் அண்ணனுக்கு ஏக் சால் என்றே பெயர். அதற்கடுத்த வாரம்தான் ஸ்டுடியோவுக்குப் போனோம். கோடை ஏற ஏற அந்தச் சதையும் கூடிக்கொண்டே வந்தது. இன்னொரு வருசமும் கேட்டு வாங்கிரலாம்போல இருக்கே என்று நாங்கள் கிண்டலடிப்போம். அவரும் கண்ணாடியைப் பார்த்துக்கொள்வார். இடுப்புவலிக்கு அவர் மாத்திரையாக விழுங்கிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும். வெயிலில் வேலை செய்கிற எவன்தான் விழுங்கவில்லை?

முதலில் கண்டுபிடித்தவள் மேடம்தான். ஒருநாள் ஸ்டோரில் அவரையே கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தாள். "ஸ்மைல், ஓகே. நௌ நோ ஸ்மைல். ஒய் ஹியர்?" என்று தன் கண்ணுக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். அது சிரித்தால் வரவேண்டும், சிரிப்பு நின்றால் போய்விடவேண்டும். போகாமல் நிற்கிறதென்றால் அது வேறு. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லித் தினமும் நச்சரித்து அனுப்பிவைத்தாள். இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள்.

அதற்கப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அறையில் ஒருவன் பார்லி கஞ்சி காய்ச்சினான், ஒருவன் நெருஞ்சிமுள் எங்கே கிடைக்கும் என்று அலைந்தான், நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கு விசா கொடுத்த அரபி கபீலின் ஆள் வந்து, இனி ஊருக்குத்தான் என்பதைக் கலாஸ், முடிந்தது, என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போனான். மேடம் மறுபடி மேனேஜரிடம் போனாள். அன்று அப்படிச் சிரித்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டாராம். அண்ணன் கிளம்பிய அன்று அவள் வெளியே வரவில்லை. ஆபீஸ் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றதை நான் பார்த்தேன். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

ஏர்போர்ட்டில் அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தம்பி, அந்தப் பொண்ணு மொதமொத பாத்துச்சே, அன்னிக்கி இருந்தது நெசமான சிரிப்புதானே? அப்பவே நோவு இல்லியே?"

"நெசந்தாண்ணே" என்றேன். எனக்கெப்படித் தெரியும்?

ஊருக்குப் போய் அவர் இருந்தது கிட்டத்தட்ட ஒரு வருடம். மகள் எப்படியோ படிப்பை முடித்துவிட்டாள்.

இப்போது என் தம்பி மகள் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது கண்ணுக்குக் கீழே பென்சிலால் கோடு இழுத்து அதே மேட்டை வரைந்துகொள்கிறாள். கொரியா சீரியல் பார்த்துக் கற்றுக்கொண்டாளாம். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

போன மாதம் அரியலூர் போயிருந்தேன். கூடத்துச் சுவரில் அதே ஸ்டுடியோ படம், மாலையோடு. அண்ணி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "பாத்தீங்களா தம்பி, வாய் சிரிக்கலன்னாலும் கண்ணு சிரிக்குது பாருங்க. அங்க நல்லா சந்தோசமாத்தான் இருந்திருக்காங்க."

காபி கொண்டுவந்த மகள் அப்படியே நின்றாள். திருச்சியில் டயாலிசிஸ் வார்டில் வேலை பார்க்கிறவள். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஆமா அண்ணி, சந்தோசமாத்தான் இருந்தார்" என்றேன். அவள் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.