காரைக்கால்மேட்டில் ஒரு வட துருவம்

வட துருவக் கடலில் மிதக்கும் பனி ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு சுருங்குகிறது என்று செயற்கைக்கோள் படங்களில் அளப்பது என் வேலை. ஒருமுறை ஆராய்ச்சிக் கப்பலில் அங்கேயே போய் ஆறு வாரம் பனியில் துளை போட்டுவிட்டு வந்தேன். எங்கள் ஊர் கோவில்பத்தில் என் அம்மா இதை அக்கம்பக்கத்தில் சுருக்கமாகச் சொல்லிவைத்திருந்தார்: "ஐஸ்ல வேலை பாக்குறா." எதிர்வீட்டுக்காரர் தன் மகள் கல்யாணத்தில் ஜூஸ் கொடுக்க ஐஸ் ஏற்பாடு செய்ய முடியுமா என்று என்னிடம் கேட்டார்.

போன விடுமுறையில் காரைக்கால்மேட்டு மீனவப் பஞ்சாயத்தார் என்னைப் பேச அழைத்தார்கள். கடல் ஏன் ஊருக்குள் ஏறி வருகிறது என்று சொல்ல வேண்டும். படம் போட்டுக் காட்டினால் தூங்கிவிடுவார்கள் என்று பயந்து, ஐஸ் கம்பெனியில் இரண்டு பார் ஐஸ் வாங்கி ஆட்டோவில் ஏற்றினேன். ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிடுவேன். அது கடல்பனி, உருகினாலும் தண்ணீர் ஏறாது. மற்றதை வேறொரு தொட்டியில் செங்கல் மேல் வைப்பேன். அது நிலத்துப் பனி, உருகினால் ஏறும்.

மீன் ஏலக்கூடத்தில் எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் பஞ்சாயத்தாரைக் கூப்பிடப் போனேன். திரும்புவதற்குள் நாலைந்து படகுகள் கரை சேர்ந்து, கானாங்கெளுத்தி மீன் குவிந்து கிடந்தது. என் வட துருவத்தை ஒரு மீன்கார அக்கா சாக்கில் போட்டுக் கட்டையால் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அது என்னோடது!"

"யாருமில்லாம தண்ணியில கெடந்துச்சு. கரஞ்சிடும்ல தங்கச்சி, அதான் எடுத்தேன்."

"கரையணும்னுதான் போட்டேன்."

அவர் கட்டையை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்ச புள்ளயா நீ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அடுத்த தொட்டியில் செங்கல் மட்டும் இருந்தது. மிஞ்சிய ஒரு துண்டை எவர்சில்வர் டம்ளரில் போட்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிப் பேசத் தொடங்கினேன். துண்டு கரைந்தது, தண்ணீர் தளும்பவில்லை.

"வெளியில வழியுதே" என்றார் ஒரு பெரியவர்.

டம்ளர் வியர்த்திருந்தது. அது காற்றிலிருக்கும் ஈரம் என்றேன். "காத்துலேருந்து தண்ணி வருதாம்" என்று அவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்ன தொனியில் என் ஆறு வாரக் கப்பல் பயணம் மூழ்கிப்போனது.

காப்பாற்றியவர் மீன்கார அக்காதான். "மெதக்குற ஐஸ் கரஞ்சா தண்ணி ஏறாதுன்னு நீயே சொல்ற. அப்ப அது இருந்தா என்ன, போனா என்ன?"

வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், அது போனால் கறுத்த கடல் அந்த வெயிலைக் குடித்துச் சூடாகும், அந்தச் சூட்டில் மிச்சப் பனியும் கரையும், நிலத்துப் பனியையும் அது விடாது என்றேன். அவர் சட்டென்று எழுந்துபோய்த் தன் மீன்பெட்டிகளைப் பார்த்தார். மேலே கறுப்புத் தார்ப்பாய்.

"இத யாரு போத்துனது?"

அவருடைய கணவர் கடலைப் பார்த்தபடி நின்றார். அக்கா தார்ப்பாயை உருவி எறிந்துவிட்டு வெள்ளைச் சாக்கை விரித்துப் போர்த்தினார்.

நான் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து யாரும் எழுந்துபோய் எதையும் மாற்றியதை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு எனக்கு அதுவே போதுமென்று பட்டது. கூட்டத்துக்கும் அது போதுமென்று பட்டிருக்க வேண்டும். எல்லோரும் ஏலத்துக்கு எழுந்துவிட்டார்கள்.