கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே

செக்காலை டீக்கடை முன்னால் கல்லூரிக் காவலர் சைக்கிளை நிறுத்தி, "லேப் சிங்காரம் தவறிட்டாக சார், நெஞ்சுவலி" என்றார். "எந்தச் சிங்காரம்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த சிங்காரம் ஒருவர்தான். ஏன் அப்படிக் கேட்டேன் என்று இப்போதும் விளங்கவில்லை.

விலங்கியல் ஆய்வக உதவியாளரான அவரை உங்களில் பலர் அறிவீர்கள். தச்சர் குடும்பம். அறுபதுகளின் கடைசியில் கல்லூரிக் கண்காட்சிக்காக, அமெரிக்கக் கிலுகிலுப்பைப் பாம்பின் தலையைப் பூசணிக்காய் அளவில் தேக்கில் செதுக்கினார். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு குழி.

"இங்குட்டு விரலை விட்டுப் பாருங்க. கும்மிருட்டுல எலியோட உடம்புச் சூடு இதுலதான் படும். நாக்கை நீட்டி வாடை பிடிக்கும். வாலைக் கிலுக்குறது நம்மளை வெரட்ட."

தலையையும் பீடத்தையும் சுற்றிக் கையைப் போட்டுக் குனிந்து பார்த்தேன். காயாத வார்னிஷ் கதர்ச்சட்டையில் ஒட்டிக்கொண்டது. "சட்டையைக் கடிச்சிருச்சே ரிப்போர்ட்டர் சார்!" என்று சிரித்தார்.

குழி இருந்தால் நஞ்சுப் பாம்பு, இல்லாவிட்டால் இல்லை என்று பத்திரிகையில் எழுதினேன்.

பத்து நாளில் நாச்சியாபுரத்து விவசாயி ஒருவரைச் சுருட்டை விரியன் கடித்தது. ஆஸ்பத்திரிக்கு நாங்கள் இருவரும் போனோம். "பேப்பர்ல போட்டிருந்தீகளே! கவைக்கம்பால அமுக்கி மூஞ்சியைப் பாத்தேன். குழியைக் காணோம். சாதுன்னு கையில எடுத்தேன்" என்றார். நம் ஊர் விரியனுக்கு அந்தக் குழி கிடையாது, நஞ்சு உண்டு. உயிர் பிழைத்தார். ஒரு விரல் போயிற்று.

நான் வாய் திறப்பதற்குள் சிங்காரம், "தப்பு என் மேலண்ணே. நம்ம ஊருப் பாம்புக்கு இது பொருந்தாதுன்னு சாருட்ட சொல்ல மறந்துட்டேன்" என்றார்.

மறந்தாரா? என் குறிப்பேட்டில் 'குழி, நஞ்சு' என்ற இரண்டு சொற்களே இருந்தன. அதை மூடிப் பையில் வைத்துக்கொண்டேன். அதன்பின் பார்வையாளர்களிடம் அவர் பேசக் கூடாதென்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அவர் ஆசையாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

பின்னொரு நாள், "நிஜமாகவே மறந்தீர்களா?" என்று கேட்டேன். "பாம்பு பேப்பரா படிக்குது? விடுங்க சார்" என்றார்.

காரியம் முடிந்ததும் அவர் மனைவி அந்தத் தலையை என்னிடம் கொடுத்தார். "உங்களுட்டத்தான் குடுக்கச் சொன்னாக." பீடத்தின் பின்புறம், கண்காட்சியில் சுவரைப் பார்த்திருந்த பக்கம், உளியால் வெட்டிய எழுத்துகள்: 'நம்ம ஊர் விரியனுக்குக் குழி இல்லை.' எழுத்துகளின் மேல் வார்னிஷ். அந்த வார்னிஷில் என் கதர்ச்சட்டை நூல் ஒன்று.

ஆக, அன்றைக்கே அவருக்குத் தெரியும். மரத்தில் வெட்டியவர் வாயால் சொல்லாமலா இருந்திருப்பார்? பிறகு ஏன் மறந்துவிட்டதாகச் சொன்னார்? கேட்க ஆளில்லை. தலை என் மேசையில் இருக்கிறது, பின்புறம் என்னைப் பார்த்தபடி. நூலை நான் பிய்க்கவில்லை.