ங்கிஹ் என்றால் ஆமாம் இல்லை

ருமியாத்திக்குக் கோபம் வந்துவிட்டால் இந்தோனேசியாவின் செமாராங் நகரத்துப் பம்பு அலுவலகத்தில் ஈ ஆடாது. ஜாவாக்காரிக்கு இவ்வளவு பெரிய தொண்டை ஆகாது என்று பெற்றவளே சொல்லிப் பார்த்துவிட்டாள், பலிக்கவில்லை. கடலோரக் குடியிருப்புக்குள் தண்ணீர் ஏறாமல் காக்கும் பம்புகளை ஓட்டும் கணினி ஸ்கிரிப்ட் எழுதுவது அவள் வேலை. அவள் வீடும் அந்தக் குடியிருப்பில்தான். ஸ்கிரிப்டில் ஒரு வரி பிசகினால் அவள் கட்டிலும் சேர்ந்து நனையும்.

இந்த வாரம் நனைந்தது. ஆனால் அவள் கொதித்தது கட்டிலுக்காக இல்லை. பம்பைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் பாக் தர்சோனோ, அதாவது தர்சோனோ ஐயா, வேலை நேரத்தில் தூங்கிவிட்டாராம், அவரே ஒப்புக்கொண்டாராம், திங்கட்கிழமை அவரை வேலையைவிட்டு அனுப்பப் போகிறார்களாம்!

"தூங்கினாரா? அந்த மனுஷன் நாற்காலியிலகூட சாய மாட்டாரே!" என்று கத்தியபடி, பாதி தின்ற லும்பியா ரோலை வைத்துவிட்டு ஸ்கிரிப்டைத் திறந்தாள்.

தொடக்கத்தை அவள் எப்படி எழுதியிருந்தாள்? முதலில் எந்தக் கம்ப்யூட்டர் சிஸ்டம் என்று கேள். மேக் என்றால் எண்களை எப்படி எழுதுவது என்று சொல்லும் வேரியபிளில் இந்த மதிப்பைப் போடு; லினக்ஸ் என்றால் அதற்கு உரியதைப் போடு; இரண்டும் இல்லையென்றால் நின்று கூச்சல் போடு. இப்போது மேக் வரி மட்டும்தான் மிச்சம். பம்பு அறையில் இருப்பதோ லினக்ஸ். வேரியபிள் காலியாக இருக்கவே, அந்தக் கம்ப்யூட்டர் இந்தோனேசிய வழக்கப்படி, 1.8 மீட்டர் நீர்மட்டத்தைப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போட்டு 1,8 என்று எழுதிவிட்டது. அதைப் படித்த கட்டளை காற்புள்ளியோடு நின்றுகொண்டு, தண்ணீர் ஒரு மீட்டர்தான் என்று எடுத்துக்கொண்டது. ஒன்றரை மீட்டரைத் தாண்டினால்தான் பம்பு ஓடும். ஓடவில்லை.

வரிகளை எடுத்தவன் தோகார், சுமத்ரா தீவின் மேடானிலிருந்து புதிதாக வந்த இன்ஜினியர்.

"என் மேக்ல நல்லாத்தானே ஓடுச்சு, இபு?" என்றான். இபு என்றால் அம்மா.

"உன் மேக்கையா கடலோரத்துல வெச்சிருக்கோம்? யாரைக் கேட்டு எடுத்தே?"

"உங்களைத்தான்! தேவையில்லாத வரியெல்லாம் எடுத்துடலாமான்னு ஃபோன்ல கேட்டேன். ங்கிஹ், ங்கிஹ்னீங்களே!"

"அட கடவுளே! ஜாவாவுல ங்கிஹ்னா பேருக்குத்தான் ஆமாம்; காதுல விழுதுடா, மேல சொல்லுன்னு அர்த்தம். நான் எப்போ சரின்னேன்?"

சொல்லி முடிக்கும்போதே அவளுக்குப் பொறி தட்டியது.

"தர்சோனோகிட்ட என்ன கேட்டே?"

"பம்பைப் போடாம தூங்கிட்டீங்களான்னு. ங்கிஹ்னாரு. பக்கத்துல பாக் குந்தோரோவும் இருந்தாரே."

மேடான்காரனுக்கு ஜாவா ங்கிஹ் புரியாது, போகட்டும். மேலாளர் குந்தோரோ ஜாவாவின் நடுவிலுள்ள சோலோவில் பிறந்தவர். அந்தச் சொல்லைத் தாய்ப்பாலோடு குடித்தவர். அவர் எப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்? வெளியே பெஞ்சில் இருந்த தர்சோனோவையும் தோகாரையும் இழுத்துக்கொண்டு அவர் அறைக்குள் நுழைந்தாள்.

"மெதுவா பேசுங்க, இபு. அவரே ஒத்துக்கிட்டாரு. விஷயம் முடிஞ்சது," என்றார் குந்தோரோ.

"ஒத்துக்கிட்டாரா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க! மேலதிகாரி முன்னாடி இல்லைன்னு சொல்ல நம்ம ஆளுங்களுக்கு வாய் வருமா? இது எந்த சிஸ்டம்னு கேட்டுட்டுத்தான் மெஷினுக்கே மதிப்பு போடுறோம். மனுஷனுக்கு அது கிடையாதா?"

"இப்போ என்ன செய்யச் சொல்றீங்க?"

"திரும்பக் கேளுங்க. என் முன்னாடி, நம்ம பாஷையில."

குந்தோரோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பிறகு மரியாதையான ஜாவா மொழியில் கேட்டார்.

"பாக், அன்னைக்கு நீங்க தூங்கிட்டீங்களா?"

தர்சோனோவின் வாய் பழக்கத்தில் "ங்கி..." என்று தொடங்கியது. ருமியாத்தி இருமினாள். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ம்போத்தென்," என்றார்.

இல்லை என்ற அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அந்த அலுவலகம் கேட்டதே இல்லை.

"தண்ணி ஏறுதுன்னு உங்களுக்குத்தான் ஃபோன் போட்டேன், பாக். பம்பு ஆட்டோமேட்டிக்ல இருக்கு, கை வைக்காதேன்னீங்க," என்றார் தர்சோனோ, குந்தோரோவிடம். "நான் ங்கிஹ்னேன்."